ஃபியூவல் பம்பை வீட்டிலேயே கழற்றுவது: டேங்கைத் திறக்கும் முன் கொஞ்சம் கேட்டுக்கொள்கிறேன்

பின்சீட்டு:
பெட்ரோல் கார், பம்ப் டேங்குக்குள் இருக்கும் வகை. கொஞ்ச நாளாகவே மக்கர். காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். நன்றாக ஓடிச் சூடான பிறகு எங்காவது நிறுத்திவிட்டு, திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிப்பதில்லை. ஆறப்போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி எடுத்துவிடும். இப்போது அதுவும் போய் வீட்டு வாசலிலேயே படுத்துவிட்டது. பின்சீட்டின் அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்தேன். கார்ப்பெட்டுக்குக் கீழே ஒரு தகர மூடி, அதற்குக் கீழே பம்பின் தலை, ஒரு வயர் சாக்கெட், இரண்டு பிளாஸ்டிக் பைப். பார்க்க எளிதாகத்தான் இருக்கிறது. ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் உண்டு, ஆனால் பெட்ரோல் டேங்கை இதுவரை திறந்ததில்லை. இதை வீட்டிலேயே செய்யலாமா? எங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

ஒதுங்கிநிற்பவர்:
செய்யலாம், செய்ய வேண்டாம். பிரேக் பேட் மாற்று, ஆல்டர்னேட்டர் கழற்று, யாரும் கேட்க மாட்டார்கள். பெட்ரோல் டேங்க் அப்படி இல்லை. ஒரு பொறி போதும்.

பழைய ரெஞ்ச்:
மேலே சொன்னவர் சொல்வது நியாயம்தான், ஆனால் பாதி நியாயம். கழற்றும் வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஆவிதான் பிரச்சினை. அதற்கு அப்புறம் வருகிறேன். தம்பி, முதலில் ஒரு கேள்வி. பம்ப் போய்விட்டது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? நல்ல பம்பைக் கழற்றிப் புதுசு போட்டுவிட்டு, அப்புறமும் வண்டி எடுக்காமல் வந்து நிற்பவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

சூடானதும் மக்கர், ஆறியதும் சரி என்றால் பம்ப் மேல் சந்தேகம் வருவது இயல்பு. அதே அறிகுறியை கிராங்க் சென்சாரும், அதாவது இன்ஜின் சுற்றுவதைக் கண்டறியும் சென்சாரும், அச்சு அசலாகக் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். லேசாகவாவது துள்ளுகிறதா, செத்துக் கிடக்கிறதா? நிறைய வண்டிகளில் முள் அசையவே இல்லை என்றால் சென்சார் பக்கம் போக வேண்டும். இன்ஜின் சுற்றுகிறது என்ற செய்தி கிடைக்காவிட்டால் ஈசியூ, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், பம்புக்குத் தொடர்ந்து கரண்ட் கொடுக்காது, நாம் பம்பைத் திட்டிக்கொண்டிருப்போம்.

வயர்பக்கம்:
இதற்கு ஒரு எளிய சோதனை. சுற்றுப்புறம் அமைதியாக இருக்கும்போது பின்சீட்டில் காதை வைத்துக்கொண்டு, இன்னொருவரை சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பச் சொல்லுங்கள், செல்ஃப் வேண்டாம். 2 விநாடி போல "உய்ங்" என்று ஒரு சத்தம் வந்து நிற்க வேண்டும். சில கார்களில் டிரைவர் கதவைத் திறக்கும்போதே இந்தச் சத்தம் வந்துவிடும், அதனால் கதவைத் திறக்கும் நேரத்தையும் கவனியுங்கள். சத்தம் வந்தால் மோட்டார் உயிரோடு இருக்கிறது, அழுத்தம் போதுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே (பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் குட்டி சுவிட்ச்), வயர், எர்த், கடைசியாகத்தான் பம்ப்.

ரிலேவுக்குக் குறுக்கு வழி உண்டு. ஃபியூஸ் பெட்டியில் ஹார்ன் ரிலேவும் பம்ப் ரிலேவும் பல வண்டிகளில் ஒரே எண்ணில் இருக்கும். மேலே அச்சிட்ட எண்ணைப் பார்த்து, ஒன்றாக இருந்தால் இடம் மாற்றிப் போடுங்கள். சில வண்டிகளில் வண்டி எதிலாவது மோதினால் பம்பை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று டிக்கியிலோ கால் வைக்கும் இடத்துப் பக்கவாட்டிலோ இருக்கும். பெரிய பள்ளத்தில் விழுந்தாலே சில நேரம் அது தட்டிவிடும். அழுத்தினால் சரியாகிவிடும். அதைப் பார்க்காமல் டேங்கைத் திறந்தவர்களும் உண்டு.

பின்சீட்டு:
பார்த்தாயிற்று. முள் துள்ளுகிறது. சத்தம் சுத்தமாக இல்லை. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, ரிலே மாற்றியும் பலன் இல்லை. சாக்கெட்டைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் சாவி போட்டதும் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டிவிட்டுப் போகிறது. அப்படியென்றால் பம்ப்தானே?

வயர்பக்கம்:
அவசரப்படாதீர்கள். சாக்கெட்டைக் கழற்றி வைத்து அளந்த 12 வோல்ட்டை நம்பவே கூடாது. மீட்டர் இழுப்பது ஒன்றுமில்லாத கரண்ட். பத்து இழையில் ஒன்பது அறுந்த வயரும் மீட்டருக்கு 12 காட்டும், பம்ப் கேட்கிற 5, 6 ஆம்பியரைக் கொடுக்கச் சொன்னால் படுத்துவிடும். சுமையோடு அளக்க வேண்டும். பெட்ரோல் வாடை எதுவும் இல்லாத நிலையில், டேங்க் மூடியிருக்கும்போதே, அந்தச் சாக்கெட்டில் ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை இணைத்து சாவியைப் போடுங்கள். பளிச்சென்று எரிந்தால் வயரும் எர்த்தும் சரி. மங்கலாக எரிந்தால் வயரைத் தேடுங்கள். பல்பை டேங்க் திறந்த பிறகு பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது, இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

பழைய ரெஞ்ச்:
இன்னொன்று. சாக்கெட்டை மாட்டிவிட்டு, ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது டேங்கின் அடியை ரப்பர் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டுங்கள். மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் அந்த அதிர்ச்சியில் தொடர்பு கிடைத்து ஓடிவிடும். ஓடினால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்ப வேண்டாம், அடுத்த தடவை தட்டியும் எழுந்திருக்காது.

பின்சீட்டு:
பல்ப் பளிச். தட்டினேன், எடுத்துவிட்டது! கொஞ்ச நேரம் ஓடிவிட்டு மறுபடி நின்றுவிட்டது. சரி, பம்ப்தான். இப்போது கழற்றும் கதையைச் சொல்லுங்கள். டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கிறது.

பழைய ரெஞ்ச்:
முதல் சிக்கலே அதுதான். கால் டேங்குக்குக் கீழே இறக்காமல் திறக்க வேண்டாம். நிறைந்த டேங்கில் பம்பின் தலையை எடுத்தால் பெட்ரோல் அந்த வாயிலிலேயே நிற்கும், காருக்குள் வழியும்.

இறக்குவதற்கு வாயால் உறிஞ்சுவதை மறந்துவிடுங்கள். ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான், விழுங்கியதைவிட மூச்சுக்குழலில் இறங்கியதுதான் ஆளைச் சாய்க்கும். கையால் அமுக்கும் உறிஞ்சு பம்ப் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஊற்றும் வாய் வழியாக ஹோஸ் இறங்கவில்லை என்றால் முரட்டுத்தனமாகத் தள்ளாதீர்கள், புது வண்டிகள் பலவற்றில் உள்ளே தடுப்பு வால்வு இருக்கும். அப்போது பம்ப் தலையைக் கழற்றி லேசாகத் தூக்கி அந்த இடைவெளி வழியாக எடுக்க வேண்டியதுதான், அல்லது தட்டித் தட்டி ஓட்டி வீட்டு வாசலிலேயே எரித்துத் தீர்க்க வேண்டியதுதான்.

எடுத்த பெட்ரோல் அதற்கென்று செய்த கேனில்தான் போக வேண்டும், கேன் தரையில் இருக்க வேண்டும். டிக்கியிலோ சீட்டு மேலோ வைத்து ஊற்றினால் நிலைமின்சாரம் போக வழியில்லாமல் கேனிலேயே தங்கும்.

ஞாயிறு மெக்கானிக்:
ஆவியைப் பற்றி நான் சொல்கிறேன், இதில்தான் வீட்டில் செய்கிறவர்கள் கோட்டை விடுகிறார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தரையாகப் பரவிப் பள்ளத்தைத் தேடும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும், 7.6 வரைக்கும் பற்றும். மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் பெட்ரோல் பற்றும் அளவுக்கு ஆவி விடும் என்றால், வெயில் காலத்தில் கேட்கவே வேண்டாம். அதனால் மூடிய கராஜில் செய்யக் கூடாது, பள்ளம் தோண்டிய இடத்தில் கூடவே கூடாது. காரை வெளியே, நிழலில், நான்கு கதவையும் டிக்கியையும் திறந்துபோட்டுச் செய்யுங்கள். பக்கத்தில் வாட்டர் ஹீட்டர், அடுப்பு, பழைய ஃபிரிட்ஜ், தானாக ஆன் ஆகும் மோட்டார் எதுவும் வேண்டாம்.

டேபிள் ஃபேனை வைத்து ஆவியை விரட்டலாமே என்று தோன்றும். அந்த ஃபேன் மோட்டாருக்குள்ளேயே பொறி வரலாம். இயற்கைக் காற்று போதும். மூடியைச் சுற்றி இருக்கும் மண்ணை வேக்யூம் கிளீனரால் உறிஞ்ச நினைப்பதும் அதே வகை. பிரஷும் ஈரத்துணியும் போதும். ஆனால் அந்த மண்ணைச் சுத்தமாக எடுத்த பிறகுதான் பைப்பில் கை வைக்க வேண்டும், வருஷக்கணக்கில் சேர்ந்த மண் அப்படியே டேங்குக்குள் விழக் காத்துக்கொண்டிருக்கும்.

வெளிச்சத்துக்கு எல்இடி டார்ச் மட்டும். ஒயர் போட்ட குண்டு பல்ப் கீழே விழுந்து உடைந்தால் உள்ளே இருக்கும் இழையே தீக்குச்சி. டிரை பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில், ஆனால் காருக்கு வெளியே இருக்கட்டும். தண்ணீர் வாளி இதற்கு உதவாது, எரியும் பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்து பரவும்.

ஒதுங்கிநிற்பவர்:
இவ்வளவும் எழுதிவிட்டு "எளிய வேலை" என்கிறீர்கள்.

பழைய ரெஞ்ச்:
வேலை எளிது, முன்னேற்பாடுதான் பெரிது. இரண்டும் வேறு. ஏற்பாடு செய்ய இடமோ பொறுமையோ இல்லாதவர் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடட்டும், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் கார் நிறுத்துகிறவர்கள் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

சரி, அழுத்தம். உங்கள் மாதிரி வண்டியில் லைனில் 3 முதல் 4 பார் வரை நிற்கும். இன்ஜினை நிறுத்திய பிறகும், உள்ளே இருக்கும் ஒருவழி வால்வு அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பைப்பை அப்படியே பிடுங்கினால் நேராகக் கண்ணுக்குத்தான் அடிக்கும். வழக்கமான முறை, பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓடவிட்டு, தானாக நிற்கும்வரை விட்டு, அப்புறம் சில விநாடி செல்ஃப் அடிப்பது. பம்ப் செத்த வண்டியில் இன்ஜின் ஓடாது, ஆனால் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு செல்ஃப் அடித்தாலே மீதி அழுத்தம் பெரும்பாலும் இறங்கிவிடும். அதன் பிறகு பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். வரிசை முக்கியம், டேங்கைத் திறந்துவிட்டுப் பேட்டரிக்குப் போகக் கூடாது. பெட்ரோல் மூடியையும் ஒருமுறை திறந்து மூடுங்கள், டேங்குக்குள் சேர்ந்த ஆவி அழுத்தம் "புஸ்" என்று போய்விடும். அப்படியும் பைப்பை எடுக்கும்போது மேலே துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். கண்ணாடி, நைட்ரைல் கையுறை. லேட்டக்ஸ் கையுறை பெட்ரோலில் ஊறிக் கிழிந்துவிடும்.

கார்பு காலத்தவர்:
இதையெல்லாம் படிக்கும்போது பழைய வண்டிகளை நினைத்துக்கொண்டேன். பம்ப் இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும், இரண்டு போல்ட், இரண்டு ஹோஸ், கேம் ஷாஃப்ட் தள்ளத் தள்ள டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு அடிக்கும். அழுத்தம் 0.3 பார் இருந்தால் பெரிது. டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் ஆயிலில் கலக்கும், டிப்ஸ்டிக்கை முகர்ந்தாலே தெரிந்துவிடும். நடுரோட்டில் மாற்றிவிட்டுக் கிளம்பியிருக்கிறோம். பம்பை எதற்குத்தான் பெட்ரோலுக்குள்ளேயே முக்கி வைத்தார்களோ.

வயர்பக்கம்:
காரணம் இருக்கிறது ஐயா. மோட்டாரைக் குளிரவைப்பதே அதன் வழியாக ஓடும் பெட்ரோல்தான். இன்னொன்று, டேங்குக்கு வெளியே இருந்து உறிஞ்சினால் வெயிலில் லைனுக்குள்ளேயே குமிழி கட்டி அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து அழுத்தித் தள்ளினால் அந்தத் தொல்லை குறைவு. எப்போதும் ரிசர்வ் விளக்கு எரிய எரியவே ஓட்டுகிறவர்களுக்குப் பம்ப் சீக்கிரம் போவதற்கும் இந்தச் சூடுதான் முக்கியக் காரணம். மூழ்கிய பம்பு பற்றிக்கொள்ளாதா என்று அடுத்த கேள்வி வரும். எரிவதற்குக் காற்று வேண்டும். மோட்டாருக்குள் முழுக்கப் பெட்ரோல்தான், காற்றே இல்லை.

பழைய ரெஞ்ச்:
பைப்புக்கு வருகிறேன். அந்த பிளாஸ்டிக் கிளிப்பில் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். இழுத்தால் வராது. முதலில் பைப்பை உள்ளே தள்ளுங்கள், தள்ளிய நிலையில் இரண்டு பக்கக் காதுகளையும் அமுக்குங்கள், அப்புறம் இழுங்கள். இடையில் மண் சிக்கியிருந்தால் கொஞ்சம் முன்னும் பின்னும் திருப்பிக் கொடுத்தால் இளகும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் காது உடையும். பழைய பிளாஸ்டிக் வெயில் காய்ந்த அப்பளம் மாதிரி இருக்கும். எந்தப் பைப் எங்கே என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பம்ப் தலையில் இருக்கும் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் படத்தில் விழட்டும். படம் எடுத்ததும் போனை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.

அடுத்தது லாக் ரிங், பம்பின் தலையை டேங்கோடு இறுக்கிப் பிடிக்கும் வளையம். பிளாஸ்டிக் மரை ரிங் என்றால் அதற்கென்று மூன்று கால் ஸ்பேனர் கிடைக்கும். இரும்பு ரிங் என்றால் பித்தளைக் கம்பியோ கெட்டி மரத்துண்டோ வைத்துத் தட்ட வேண்டும். உளியும் இரும்புச் சுத்தியலும் வைத்து அடிக்கிற வீடியோக்கள் நிறையச் சுற்றுகின்றன. திறந்த டேங்குக்கு மேலே இரும்போடு இரும்பு மோதுவதைப் பார்க்க எனக்கே வயிற்றைக் கலக்குகிறது.

ஞாயிறு மெக்கானிக்:
ரிங் வந்த பிறகு பம்பை நேராகத் தூக்காதீர்கள். அடியில் பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவையின் கம்பி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். பாதி தூக்கி, சாய்த்து, கையை உள்ளே விட்டு அந்தக் கம்பியை வழிநடத்தி எடுக்க வேண்டும். கம்பி வளைந்தால் அப்புறம் பெட்ரோல் முள் எப்போதும் பொய் சொல்லும். இன்னொரு விஷயம், பம்பின் அடிக்கிண்ணத்தில் அரை லிட்டருக்கு மேலேயே பெட்ரோல் நிற்கும். டேங்கின் வாயிலேயே சாய்த்து வடியவிட்டு, கீழே ஒரு தட்டு வைத்துத்தான் வெளியே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் சீட்டு, கார்ப்பெட் எல்லாம் குளித்துவிடும், வாடை மாசக்கணக்கில் போகாது. எடுத்ததும் டேங்க் வாயை மூடுங்கள், லாக் ரிங்கையும் அதன் இடத்தில் லேசாகத் திருகி வையுங்கள். பிளாஸ்டிக் டேங்கின் கழுத்து ரிங் இல்லாமல் கிடந்தால் விரிந்துகொண்டு, திரும்பப் போடும்போது மரை பிடிக்காமல் படுத்தும்.

நாலுவீல் இழுவை:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் வண்டியில் சீட்டுக்கு அடியில் மூடியே இல்லை, டேங்கை இறக்கினால்தான் பம்ப் தெரியும் என்கிறார்கள். தரையை அறுத்து ஓட்டை போட்டுவிடலாமா?

பழைய ரெஞ்ச்:
கிரைண்டரா, பெட்ரோல் டேங்குக்கு மேலேயா? வேண்டாம் ஐயா. காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே முழுக்க ஆவியும் காற்றும் கலந்து கிடக்கும். டேங்கை இறக்கத்தான் வேண்டும். முடிந்தவரை காலியாக்கிவிட்டு இறக்குங்கள். 40 லிட்டர் என்றால் பெட்ரோல் மட்டுமே ஏறத்தாழ 30 கிலோ, அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். ஜாக்கி ஸ்டாண்டில் காரை நிறுத்தி, டேங்குக்கு அடியில் இன்னொரு ஜாக்கியில் அகலப் பலகை வைத்து, கொஞ்சம் இறக்கி, மேலே இருக்கும் வயரையும் பைப்பையும் ஆவிக் குழாயையும் கழற்றிவிட்டு, அப்புறம் மீதி. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்க வேண்டாம். உண்மையைச் சொன்னால், இதை வீட்டில் செய்யச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வயர்பக்கம்:
பின் சக்கரத்துக்கும் ஷாஃப்ட் போகும் வண்டி என்றால் டேங்க் நடுவில் மேடு விழுந்து இரண்டு அறையாக இருக்கலாம். ஒரு பக்கம் காலி, மறுபக்கம் நிறைந்து இருக்கும். ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு டேங்க் காலி என்று இறக்க ஆரம்பிக்காதீர்கள்.

பின்சீட்டு:
எடுத்துவிட்டேன். சொன்னபடியே வெளியே, கதவெல்லாம் திறந்து. அடியில் பெட்ரோலை வடிகட்டும் வலைப் பை கறுப்பாக இருக்கிறது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் பம்ப் தலையின் உள்பக்கச் சாக்கெட்டில் ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருக்கிறது. மோட்டார் மட்டும் வாங்கிப் போடலாம் என்று இருந்தேன். முழு செட்டும் மாற்ற வேண்டுமா?

வயர்பக்கம்:
உருகியிருக்கிறதா? முழு செட் மாற்றுங்கள். தேய்ந்த மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்து அந்தப் பின்னைச் சுட்டிருக்கும். சுட்ட பின்னில் புது மோட்டாரை மாட்டினால் அதுவும் சூடாகும். வெளிச் சாக்கெட்டின் பின்னையும் பாருங்கள், அங்கேயும் நிறம் மாறியிருந்தால் அந்தச் சாக்கெட்டும் புதுசு. சிலர் உருகிய இடத்தை வெட்டிவிட்டு, வீட்டில் கிடக்கும் சாதாரண வயரை முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். பெட்ரோலில் அந்த வயரின் உறையும் கரையும், டேப்பின் பசையும் கரையும்.

பழைய ரெஞ்ச்:
மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பின் நன்றாக இருந்தால் மோட்டார் மட்டும் மாற்றுவதில் தப்பில்லை, வலைப் பையையும் சேர்த்து மாற்றுங்கள். ஆனால் மோட்டாருக்கும் தலைக்கும் நடுவில் இருக்கும் குட்டி ஹோஸில் ஏமாறாதீர்கள். இன்ஜின் பக்கம் போடுகிற சாதாரண ஃபியூவல் ஹோஸ் உள்ளே மட்டும்தான் பெட்ரோலைத் தாங்கும், வெளித்தோல் தாங்காது. டேங்குக்குள் மூழ்கிக் கிடக்க எஸ்ஏஇ 30ஆர்10 என்று அச்சிட்ட ஹோஸ் வேண்டும். சாதாரண ஹோஸைப் போட்டால் ஊறி உப்பி ஒருநாள் கழன்றுவிடும், பம்ப் நன்றாக ஓடும், இன்ஜினுக்கு மட்டும் பெட்ரோல் போகாது.

புதுப் பம்ப் வந்ததும் வேலை செய்கிறதா என்று பேட்டரியில் வைத்துச் சுற்றிப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். காய்ந்து ஓடினால் அதற்கே கேடு, பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் வயரைத் தொட்டுத் தொட்டு எடுத்தால் பொறி வேறு.

ஞாயிறு மெக்கானிக்:
ஓ-ரிங், அதாவது பம்ப் தலைக்கு அடியில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், புதுசு போடுங்கள். பழையது பெட்ரோலில் ஊறிப் பெரிசாகியிருக்கும், பள்ளத்தில் உட்காராது. கிரீஸ், சிலிகான் பசை எதுவும் தடவாதீர்கள். லேசாகப் பெட்ரோலைத் தொட்டு வைத்தால் போதும், அதையும் கம்பெனிப் புத்தகம் சொன்னால் மட்டும். தலையின் அம்புக்குறியைப் பழைய படத்தில் இருந்த இடத்துக்கே கொண்டுவாருங்கள். பத்து டிகிரி திரும்பினாலும் மிதவை டேங்கின் சுவரில் இடிக்கும்.

பின்சீட்டு:
முழு செட் போட்டாயிற்று. பைப்புகள் "டிக்" என்று உட்கார்ந்தன, இழுத்தும் பார்த்தேன். பேட்டரியை மாட்டும் முன் சீட்டு, கார்ப்பெட் எல்லாம் நன்றாகக் காற்றாட விட்டேன். இப்போது நேராக செல்ஃப் அடிக்கலாமா?

பழைய ரெஞ்ச்:
முதலில் சாவியை ஆன் செய்து, சத்தம் நின்றதும் ஆஃப். மூன்று நான்கு தடவை. காலி லைன் நிரம்பட்டும். ஒவ்வொரு தடவையும் பம்ப் தலையையும் பைப் இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள், ஈரம் பளபளத்தால் அங்கேயே நிறுத்துங்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு மறுபடி பாருங்கள். சீட்டை அவசரமாகப் போட வேண்டாம். கால் டேங்கில் கசியாதது முழு டேங்கில் கசியும், அதனால் பெட்ரோல் நிரப்பிய பிறகு ஒருமுறை தகர மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு சீட்டைப் பூட்டுங்கள்.

பின்சீட்டு:
எடுத்துவிட்டது, முதல் சுற்றிலேயே. ஈரம் இல்லை. பெட்ரோல் முள்ளும் சரியாகக் காட்டுகிறது. சூடாக ஓட்டிவிட்டு நிறுத்தி எடுத்துப் பார்த்தேன், மக்கர் இல்லை. பெட்ரோல் நிரப்பியும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டேன், வாடை இல்லை. கடைசியாக ஒரு சந்தேகம், துடைத்த துணிகளை என்ன செய்வது? பக்கெட்டில் குவித்து வைத்திருக்கிறேன்.

ஞாயிறு மெக்கானிக்:
குவித்து வைக்காதீர்கள், குப்பைத்தொட்டியிலும் போடாதீர்கள். வெளியே ஆளும் நெருப்பும் வராத இடத்தில் தனித்தனியாக விரித்துப் போடுங்கள், காய்ந்து வாடை போனதும் அப்புறப்படுத்தலாம். வாஷிங் மெஷினுக்கு மட்டும் கொண்டுபோய்விடாதீர்கள். கேனில் எடுத்த பெட்ரோலைத் திரும்ப ஊற்றுவதாக இருந்தால் ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் எடுத்து வைத்துப் பாருங்கள். அடியில் தண்ணீரோ தூசியோ தெரிந்தால் ஊற்ற வேண்டாம்.

பின்சீட்டு:
விரித்துப் போட்டுவிட்டேன். பாட்டிலின் அடியில் கொஞ்சம் துரு மாதிரி தெரிகிறது, அதனால் ஊற்றவில்லை. பழைய பெட்ரோலை வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பாகப் பார்த்துக் கொடுத்துவிடுகிறேன். எல்லோருக்கும் நன்றி.